செல்லாது என்று நான் எழுதிய ஓட்டு

சில மாதங்களுக்கு முன் கடலூரில், புதிதாக ஊரக வளர்ச்சித் துறையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க பண்ண பெரிய தப்பு இன்னா?" என்று கேட்டாள்.

வாக்குச்சாவடிக்கு முத்திரை மையை எடுத்துப்போக மறந்த கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பும்போது, அவள் கேட்டது நியாயமான கேள்வி, நான் சொன்னது பொய்யான பதில் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவள் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கொள்ளிடக் கரையோரத்தில் ஒரு சிறிய ஊராட்சி. ஊர் பெயர் வேண்டாம். அங்கே சவரிமுத்து என்று ஒருவர். அதுவும் அவருடைய நிஜப்பெயர் இல்லை. கொத்தனார். காலையில் குமராட்சி வழியாகப் போகும் மினிபஸ்ஸைப் பிடித்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய், பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்புகிறவர். அந்த ஊராட்சிக்கு அவர் ஐந்து முறை தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். ஊரில் அவரை 'பிரசிடெண்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு இல்லை, கேலிக்கு.

அவரை நான் முதலில் பார்த்தபோது எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனுத்தாக்கலின் கடைசி நாள். ஒன்றிய அலுவலகத்தில் மனுக்களை வாங்கிச் சரிபார்த்து அதிகாரியிடம் கொடுக்கும் வேலை எனக்கு. சிமெண்ட் ஒட்டிய காலோடு வந்து மனுவை நீட்டினார். முன்மொழிபவரின் வாக்காளர் எண் தப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் என் காதுக்கருகில் குனிந்து, "அப்படியே வாங்கி வச்சிக்கம்மா. நாளைக்கு பரிசீலனைல தானா வுழுந்துரும்" என்றார்.

எங்கள் அதிகாரிக்கு அது கேட்டுவிட்டது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தன் இடத்திலிருந்தே, "தப்ப இப்பவே அவர்கிட்ட சொல்லும்மா. திருத்திக் குடுக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார்.

சவரிமுத்து திருத்திக் கொடுத்தார். அந்தப் பெரிய மனிதர் விடவில்லை. "ஏன்டா சவரி, இது பொது ஊராட்சிடா. ரிசர்வ் வந்தா நிக்கறதுதானே?"

"பொதுன்னா எல்லாருக்கும்தானுங்களே?" என்றார் சவரிமுத்து.

அந்தப் பதிலில் இருந்த சிக்கல் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் குடும்பம் வேதத்தில் சேர்ந்த குடும்பம். சர்டிபிகேட்டில் அவர் தாழ்த்தப்பட்டவர் இல்லை, கிறிஸ்தவர். தனித்தொகுதி வந்தாலும் அவரால் நிற்க முடியாது. பல வருடங்கள் கழித்து ஒரு நாள் அவரே என்னிடம் சொன்னார்: "ஊருக்கு நான் காலனிக்காரன் மேடம். காயிதத்துக்கு இல்ல. அப்ப நான் எங்கதான் நிக்கிறது?"

பொதுவில் நின்றார். தோற்றார். காலனி ஓட்டுகளே முழுதாக அவருக்கு விழவில்லை. அடுத்த இரண்டு முறையும் நின்றார், தோற்றார். பெண்களுக்கு ஒதுக்கிய ஒரு முறை, மனைவி லூர்துமேரியை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தினார்கள். "அவ பேர்ல நான் நாற்காலில ஒக்கார்றதுக்கா?" என்று மறுத்துவிட்டார். ஒரு முறை மனுக்கள் எல்லாம் வாங்கிய பிறகு தேர்தலே நின்றுபோனது. அதையும் அவர் தன் கணக்கில் ஒன்றாகத்தான் சொல்வார்.

எதற்காக இத்தனை முறை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காலனித் தெருவுக்கு வாய்க்கால் பாலம், தெருவிளக்கு, கிராமசபையில் தரையில் இல்லாமல் பெஞ்சில் உட்காருவது என்று சிலவற்றைச் சொன்னார். கடைசியில், "அந்த ஊராட்சி ஆபீசு செவுரு நான் கட்னது மேடம். கட்டி முடிச்சு சாவி குடுத்த அன்னியிலேர்ந்து உள்ள வுட மாட்றாங்க. வாசல்ல நின்னே பேச சொல்றாங்க" என்றார்.

கடைசியாக அவர் நின்ற தேர்தலில் நான்தான் அந்த ஊராட்சிக்குத் தேர்தல் நடத்தும் அலுவலர். வாக்கு எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. உள்ளாட்சித் தேர்தலில் கிராமத்து வாக்காளர் கையில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டுகளைக் கொடுப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். இளஞ்சிவப்புச் சீட்டு தலைவருக்கு. அந்த முறை மூன்று பேர் போட்டி. ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்திலிருந்து ஒருவர், ஆட்டோ சின்னம். சவரிமுத்துவுக்குப் பூட்டு சாவி. மூன்றாமவர் பெயருக்கு நின்றவர்.

பிற்பகல் மூன்று மணிக்கு எண்ணி முடித்தோம். ஆட்டோவும் பூட்டு சாவியும் சமம். மீதி இருந்தவை சந்தேகம் என்று தனியே எடுத்து வைத்த மூன்று சீட்டுகள். இரண்டில் பிரச்சினை இல்லை. ஒன்றில் முத்திரையே இல்லை, மற்றதில் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தது. இரண்டும் செல்லாது. மூன்றாவதை எடுத்தேன்.

பூட்டு சாவிக்கு நேராக ஒரு முத்திரை. ஆட்டோவுக்கு நேராக இன்னொன்று.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். முத்திரை குத்திய உடனே மை காயாமல் சீட்டைக் குறுக்கே மடித்தால், எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டிக்கொள்ளும். அது இரண்டாவது ஓட்டு இல்லை, மடிப்பில் விழுந்த கறை. கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. கண்ணாடியில் பார்ப்பதுபோல, முத்திரையிலுள்ள அம்புக்குறிகள் இடவலம் மாறித் திரும்பியிருக்கும். அப்படியிருந்தால் அந்த ஓட்டு செல்லும், முதலில் குத்திய சின்னத்துக்கே சேரும். இந்தப் பாடத்தை அந்தத் தேர்தலுக்கு முன் எண்ணிக்கைப் பணியாளர்களுக்கு நானே எடுத்தேன். கரும்பலகையில் படம் போட்டு.

மேசைக்கு எதிரே சவரிமுத்து நின்றார். "மேடம், மடிச்சதுல பட்டுது மேடம். ஆட்டோ பக்கத்து அம்ப பாருங்க, திரும்பி இருக்குது" என்றார். குரல் நடுங்கியது.

எதிர்த்தரப்பு ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். "ரெண்டு குத்து! செல்லாது!" என்று சத்தம். வாசலுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. காவலுக்கு இரண்டே பேர். அதே நேரம் செல்போன் அடித்தது. மேலதிகாரி ஒருவர். "இன்னாம்மா அங்க கலாட்டா? அந்த ஊரு ஜாஸ்தி சென்சிடிவ். பிரச்சினை இல்லாம முடிங்க" என்றார். எப்படி முடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலனிக்காரர் ஜெயித்தார் என்று நான் அறிவித்தால் அந்தக் கூட்டம் என்ன செய்யும் என்று யோசித்தேன். என் ஜீப், என் பணியாளர்கள், காலனித் தெருவிலுள்ள கூரை வீடுகள், எல்லாம் ஒரு நொடியில் மனதில் வந்து போயின. சீட்டை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு, "ரெண்டு எடத்துல மை இருக்கு. யாருக்குன்னு தெளிவா இல்ல. செல்லாது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சவரிமுத்துவைப் பார்த்து, "மடிக்கத் தெரியாம மடிச்சா நான் இன்னாங்க பண்றது? உங்க ஆளுங்களுக்கு சொல்லிக் குடுத்து அனுப்பக் கூடாதா?" என்றும் சொன்னேன். குற்றத்தை உடனே யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

சீட்டின் பின்னால் 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஓட்டுகள் சமம் என்பதால் குலுக்கல். இரண்டு பெயரையும் எழுதி, டப்பாவில் போட்டு, நானே எடுத்தேன். ஆட்டோ சின்னத்துக்காரர் பெயர் வந்தது. எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முடிவு செய்தது நான் இல்லை, குலுக்கல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பல வருடங்கள் நான் இதை, 'அந்தச் சீட்டில் எனக்குச் சந்தேகம் இருந்தது' என்றே சொல்லிவந்தேன். வீட்டில், கூட வேலை பார்த்தவர்களிடம், எனக்கே. சந்தேகம் எதுவும் இல்லை. கையில் எடுத்த மறுநொடியே தெரிந்துவிட்டது. எனக்கு இருந்தது பயம். அதற்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் சந்தேகத்துக்கு மரியாதை உண்டு, பயத்துக்குக் கிடையாது.

சவரிமுத்து கடலூர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டார். முத்திரையிட்ட பெட்டியைத் திறந்து அந்த ஒரு சீட்டை மட்டும் பாருங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை. எதிர்மனுதாரர்களில் நானும் ஒருத்தி. 'இரு முத்திரைகளும் சம அளவில் தெளிவாக இருந்தன' என்று என் பதில் மனுவில் இருந்தது. வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். வழக்கு இழுத்ததற்கு நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். பதில் தாக்கல் செய்ய அவகாசம், ஆவணங்களுக்கு அவகாசம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது நாங்கள்தான்.

இரண்டாவது வருடம் ஒரு வாய்தா நாளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். சவரிமுத்து வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"மேடம், கேசு விசயமா இல்ல. வேற ஒண்ணு கேக்கலாமா?"

தலையை ஆட்டினேன்.

"எம் பொஞ்சாதி சரியா சாப்டறதில்ல மேடம். தூங்கறதும் இல்ல. அந்த ஓட்டு அவளோடதுன்னு நெனச்சிக்கிட்டு கெடக்கா."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அன்று எண்ணிக்கை முடிந்து வீட்டுக்குப் போய், மேடம் இப்படிச் சொல்லிட்டாங்க, யாரோ மடிக்கத் தெரியாம மடிச்சிட்டாங்க என்று சொல்லியிருக்கிறார். லூர்துமேரி முகம் மாறிவிட்டதாம். வாக்குச்சாவடியில் நாலு சீட்டையும் ஒன்றாகக் கையில் திணித்து, 'சீக்கிரம்மா, வரிசை நிக்குது' என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அவள் பதறிப்போய், குத்தின கையோடு எப்படியோ மடித்துப் போட்டிருக்கிறாள். அப்போதிருந்து, நான்தான் உன்னைத் தோற்கடித்தேன், நான்தான் உன்னைத் தோற்கடித்தேன் என்று ஒரே பேச்சு.

"அவளுதான்னு எப்படித் தெரியும்? யாருதா வேணா இருக்கலாம்" என்றேன்.

"நானும் அதான் சொல்றேன். கேக்க மாட்றா. நீங்க ஒரு தரம் வாங்க மேடம். கோர்ட்ல சொல்ல வேணாம். எனக்கு எழுதித் தர வேணாம். அவகிட்ட மட்டும், 'அந்த ஓட்டு சரியான ஓட்டுதாம்மா, உம் மேல தப்பு இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். நான் கேசக்கூட வாபஸ் வாங்கிக்கிறேன்."

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரமே சிதம்பரம் போனேன். முன்பு சொன்ன என் பழைய அதிகாரி ஓய்வுக்குப் பிறகு அங்கேதான் இருந்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த நேர்மையான மனிதர்களில் அவர் ஒருவர். அதில் எனக்கு இப்போதும் மாற்றுக்கருத்து இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் நிஜமாக என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். நான் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

கடைசிவரை கேட்டார். பிறகு, "போகாதம்மா" என்றார்.

"ஒரு பொம்பள மனசு ஒடஞ்சு கெடக்குறா சார்."

"புரியுது. ஆனா நீ போய் அந்தம்மாகிட்ட சொன்னா அதுக்குப் பேரு ஆறுதல் இல்ல, வாக்குமூலம். பதில் மனுல ஒண்ணு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய் வேற சொன்னேன்னு ஆவும். சஸ்பென்ஷன் நிச்சயம். பென்ஷனுக்கு எத்தன வருஷம் இருக்கு ஒனக்கு? பொண்ணு படிக்குதில்ல? கேசு முடியட்டும். அப்புறம் நிதானமா போய் சொல்லு."

அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். நான் அவரிடம் போனதும் காப்பாற்றப்படத்தான். வேறு பதில் சொல்லக்கூடிய யாரிடமும் நான் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று யாரிடம் யோசனை கேட்கப் போகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். என்ன பதில் வரும் என்று தெரிந்தேதான் நாம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம்.

அடுத்த வாய்தாவில் சவரிமுத்து என் முகத்தைப் பார்த்தார். நான் வக்கீலிடம் பேசுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். அதற்கடுத்த வாய்தாவிலும் அப்படியே. மூன்றாவது முறை அவர் வரவில்லை. அவருடைய வக்கீல் எழுந்து, மனுதாரரின் மனைவி காலமாகிவிட்டார், தேதி வேண்டும் என்று கேட்டார்.

காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள் இருந்திருக்கிறாள். சாப்பிடாமல் கிடந்த உடம்பு தாங்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். காய்ச்சலுக்கும் அந்தச் சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

சாவுக்கு நான் போகவில்லை.

வழக்கு கடைசிவரை விசாரணைக்கே வரவில்லை. ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பதவியே இல்லாதபோது அதற்கான வழக்கை நடத்துவதில் பயனில்லை என்று முடித்துவிட்டார்கள். பெட்டியைத் திறக்கவே இல்லை. எனக்கு மெமோகூட வரவில்லை. நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். 'எந்தப் பிரச்சினையிலும் சிக்காதவர்' என்று ஒருவர் மேடையில் பேசினார்.

பயிற்சி வகுப்பு முடிந்த மறுவாரம் அந்த ஊருக்குப் போனேன். மினிபஸ்ஸில் இறங்கி விசாரித்தேன். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் சவரிமுத்து ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். மெலிந்திருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்தது. "வாங்க மேடம்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"சவரிமுத்து, அந்த ஓட்டு செல்லும். மடிப்புல பட்ட மைதான். அம்பு திரும்பி இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றேன். வழி முழுதும் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள்.

அவர் கரண்டியில் ஒட்டியிருந்த சாந்தை விரலால் வழித்தார்.

"எனக்கும் அன்னைக்கே தெரியும் மேடம். மேசைக்கு இந்தப் பக்கம் நான்தானே நின்னேன்."

கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட ஆயிரம் தரம் சொன்னேன். அது நல்ல ஓட்டுடி, அந்தம்மா பயந்துகிட்டு அப்படிப் பண்ணிட்டாங்கன்னு. நம்பல. நான் அவ மனசத் தேத்தறதுக்கு சொல்றேன்னு நெனச்சா. ஆஸ்பத்திரிலகூட கேட்டா, அந்த மேடம் ஏதாச்சும் சொன்னாங்களான்னு. நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். காலில் விழுந்திருக்கலாம், அழுதிருக்கலாம்.

என்ன கேட்பது என்று தெரியாமல், "அடுத்த எலெக்ஷன் வந்தா நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம்" என்றார். "ஓட்டு கேக்கப் போவும்போது அவதான் கூட வருவா. ஒவ்வொரு வாசல்லயும் மொதல்ல அவதான் பேசுவா. எனக்குப் பேச வராது."

மேலே சாரத்திலிருந்து யாரோ, கலவை காய்கிறது என்று குரல் கொடுத்தார்கள். அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு ஏறிப்போய்ச் சுவரைப் பூச ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் கீழே நின்றுகொண்டிருந்தேன். பிறகு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

கேள்வி கேட்ட பெண்ணே, நீ இதை வாசித்தால், எண்ணிக்கை மேசையில் உன் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, பார்த்ததைச் சொல். அன்று சொல்ல முடியாமல் போனால் மறுநாள் சொல். மறுநாளும் முடியாவிட்டால், அதைக் கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல். எனக்கு அதற்கு இரண்டு வருடத்துக்குமேல் நேரம் இருந்தது. கடலூரிலிருந்து அந்த ஊருக்கு பஸ்ஸில் போக ஒரு காலைப்பொழுது போதும்.